பனிக்காற்றுக்கு விட்ட செடி

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் எலியேசருக்கு இந்தப் பாடு வந்திருக்காது. பொகோட்டா நகரத்தில் பஸ் ஓட்டிய காலமெல்லாம் பயணிகளிடம் ஒரு வார்த்தை பேசாத மனிதர் அவர். ஓய்வு பெற்ற பிறகு, படிக்கட்டில் அமிந்தாவைப் பார்த்தால் மட்டும் வாய் நிற்காது. எலியேசர் கீழ்த்தளம்; அமிந்தா அதே கட்டடத்தில் மூன்றாம் மாடி. கணவரை இழந்தவர். பால்கனி முழுக்க ஆர்க்கிட் வளர்ப்பவர். கழுத்தில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். அன்றைக்கு அவர் கையிலிருந்த தொட்டியைப் பார்த்ததும் எலியேசருக்கு வாய்க்கொழுப்பு.

"இதென்ன பெரிய விஷயம் மேடம்? நானும் ஒண்ணு வளர்க்கலாம்னுதான் இருக்கேன்."

"வாங்குறவங்க ஆயிரம் பேர் சார், பூக்க வைக்கிறவங்கதான் கம்மி" என்றார் அமிந்தா. "பூத்ததும் கூப்பிடுங்க. உங்க வீட்டுக்கு சூடா சாக்லேட் குடிக்க வரேன். அதுக்கு முன்னாடி கூப்பிடாதீங்க."

எலியேசருக்கு அவர் மேல் ஆசை. இதில் மறைக்க என்ன இருக்கிறது? மனைவி போய்ப் பல வருஷம் ஆயிற்று. வீட்டில் அக்கா எர்சிலியாவைத் தவிர ஆளில்லை. ஒரு சாயங்காலம் அமிந்தா எதிரே உட்கார்ந்து, சூடான சாக்லேட்டில் பாலாடைக்கட்டியைப் போட்டு, கரண்டியால் நூல் நூலாக இழுத்துச் சாப்பிடுவதை அவர் பார்க்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான். அதற்கு ஒரு பூ வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்க்கிட் சந்தைக்குப் போனவர், நேராக இருப்பதிலேயே பெரிய ஊதாப் பூவின் முன்னால் போய் நின்றார். கடைக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வீட்டுல குளிருமா?"

"பொகோட்டாவுல குளிராத வீடு ஏதும்மா? தூங்கும்போதும் ஸ்வெட்டர்தான்."

"அப்போ இது வேணாம். இது சூட்டு ஊர்ச் செடி. உங்க வீட்டுக்கு வந்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும். இதப் பாருங்க, மேல மலைக்காட்டுல மூடுபனிக்குள்ள வளர்றது." அவள் காட்டியது பாசி ஒட்டிய ஒரு மரத்துண்டு. அதன்மேல் சுண்டுவிரல் நகம் அளவில் சில இலைகள். "குளிரும் ஈரமும் இருந்தாப் போதும். வெயில் நேரா படக்கூடாது, சூடு ஆகவே ஆகாது. அப்புறம் பூ எங்க வரும்னா..."

அந்த நேரம் பார்த்து நாலு கடை தள்ளி ஒரு பூதக்கண்ணாடி மின்னியது. எலியேசரின் காது அங்கேயே அடைத்துவிட்டது. இவ்வளவு சின்னச் செடிக்கு வேலையும் சின்னதாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டு, வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

"இது செடியா, செருப்புல ஒட்டிட்டு வந்ததா?" என்றாள் எர்சிலியா.

பொகோட்டாக்காரனுக்கு வெயில் என்றால் விருந்து. வெயிலில்லாமல் எது பூக்கும் என்று எலியேசர் அதைத் தெருப்பக்க ஜன்னலில் வைத்தார். கடைக்காரி சொன்னது இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதில் போயிருந்தது. எர்சிலியாவின் பயம் வேறு. அவளுக்கு உலகத்து நோயெல்லாம் அந்திப் பனிக்காற்றிலிருந்து வருவது. விளக்கு வைத்த பிறகு வாசல் தாண்டினால் வாயைச் சால்வையால் மூடாமல் விடமாட்டாள். திருட வந்தவன்கூட அவள் கையால் ஒரு சால்வை வாங்கிக்கொண்டுதான் போவான். இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்வது ஏன் என்று எலியேசர் மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் சீக்கிரம் வீடு திரும்பியபோது காரணம் கிடைத்தது. செடி, அடுப்புக்கு மேல் பலகையில், சாக்லேட் பானையின் ஆவியில் இருந்தது. தலையில் கம்பளிக் குல்லா.

"அக்கா! என்ன பண்ற?"

"பச்சப்புள்ள மாதிரி இருக்கு, ஜன்னலோரம் பனியில போட்டு வச்சிருக்க, பாவி. தினமும் நான்தான் உள்ள எடுத்து வச்சு, நீ வர்றதுக்குள்ள திருப்பி வைக்கிறேன்."

"அது பனியிலயே பொறந்ததுக்கா!"

"நானும்தான் பனிமலையில பொறந்தேன். அதுக்காக கம்பளி போட்டுக்காம அலையுறேனா?"

எலியேசர் கோபத்தில் குல்லாவைப் பிடுங்கித் துணி துவைக்கும் தொட்டியில் எறிந்தார். அது எர்சிலியா பின்னிய குல்லா. அவ்வளவுதான், சண்டை பிடித்துக்கொண்டது.

"சரிடா. உன் செடிய உன் இஷ்டப்படியே பனிக்காத்துக்கு விடுறேன். சாகட்டும். அப்ப வந்து எங்கிட்ட அழாத."

பின்கட்டில், துவைக்கும் தொட்டிக்கு மேலே சுவரில் ஓர் ஆணி. அங்கே மரத்துண்டோடு மாட்டிவிட்டாள். வெயில் எட்டிப் பார்க்காத மூலை. கீழே எந்நேரமும் ஐஸ் மாதிரித் தண்ணீர்; சாயங்காலம் ஆனால் மலையிலிருந்து மூடுபனி மதில் ஏறிக் குதிக்கும். நாலு இலைதான் பாக்கி. எலியேசருக்கு மனசு விட்டுப்போயிற்று. ஜன்னலில் வைத்தும் பூக்காதது இந்த இருட்டிலா பூக்கப் போகிறது? அக்கா துவைக்கும்போது தெறிக்கும் தண்ணீர்தான் அதற்குத் தீர்த்தம் என்று விட்டுவிட்டார்.

அதன்பின் படிக்கட்டில் அமிந்தாவின் காலடி கேட்டாலே கதவைச் சாத்திக்கொண்டார். பேசிய வாய்க்கு இப்போது காட்ட முகம் இல்லை. அந்த வெட்கம் அவரை நிஜமாகவே வாட்டியது, சாக்லேட்கூடக் கசந்தது.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் மூன்றாம் மாடிக் கொடியிலிருந்து ஒரு தலையணை உறை பறந்து இவர்கள் பின்கட்டில் விழுந்தது. எடுக்க அமிந்தா கீழே வந்து கதவைத் தட்டினார். எலியேசர் ஒளிவதற்குள் எர்சிலியா கதவைத் திறந்துவிட்டாள்.

பின்கட்டுக்குப் போன அமிந்தா உறையை எடுக்கவில்லை. ஆணிக்கு முன்னால் அப்படியே நின்றார். பூதக்கண்ணாடியை உயர்த்தினார். ஓர் இலையைச் சுண்டுவிரலால் மெல்லத் திருப்பினார்.

"இது எப்போலேருந்து பூக்குது சார்?"

"எது?"

"வந்து பாருங்க."

கண்ணாடிக்குள் எலியேசர் ஒற்றைக் கண்ணை வைத்தார். இலையின் முதுகில் ஒரு பூ. பருப்பு அளவுகூட இல்லை. செக்கச்செவேலென்று, மஞ்சள் கரையோடு. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்களே, அந்த ஜாதி. சுற்றிலும் புது இலைகள். பல இலைகளின் பின்னாலும் இதே மாதிரிப் பூ.

"இந்த ஜாதி இலைக்குப் பின்னாடிதான் பூக்கும். வாங்கும்போது சொல்லலையா?"

"சொன்னாங்க. நான்தான்... அந்தப் பக்கம் உங்களப் பாத்துட்டிருந்தேன்."

அமிந்தா திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது.

"பூ உதிர்ந்து காஞ்ச காம்பு இத்தன இருக்கே. ரெண்டு மாசமாவது பூத்திருக்கும். இவ்வளவு நல்ல இடத்த எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

எலியேசர் அக்காவைப் பார்த்தார். "நான் இல்ல மேடம். அக்காதான் இங்க மாட்டுனா."

"சாகட்டும்னுதான் மாட்டுனேன்" என்றாள் எர்சிலியா, பொய் சொல்லத் தெரியாதவள்.

ரெண்டு மாசம். பூ இங்கே இருக்க, அவர் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற ரெண்டு மாசம். தலையைத் துவைக்கும் கல்லில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"பூத்தாக் கூப்பிடுங்கன்னு சொன்னேன்ல?" என்றார் அமிந்தா. "நீங்க கூப்பிடல. நானே வந்துட்டேன். சாக்லேட் எங்க?"

உள்ளே வரச் சொன்னால் மாட்டேன் என்றுவிட்டார். பூவை விட்டு நகர மனமில்லை. பின்கட்டிலேயே நாற்காலி போட்டார்கள். அமிந்தா பாலாடைக்கட்டியை நூல் நூலாக இழுத்தார். எலியேசருக்குக் குடிக்க மறந்துபோயிற்று. மதிலைத் தாண்டி மூடுபனி இறங்கத் தொடங்கியது.

கண் மட்டும் தெரியப் போர்த்திக்கொண்டு எர்சிலியா வந்தாள். கையில் அந்தக் கம்பளிக் குல்லா. செடியைப் பார்த்தாள். ஆணியைப் பார்த்தாள்.

"இதுக்கு வேணாம்னா சரி" என்று, குல்லாவை அமிந்தாவின் தலையில் காது மறைய இழுத்துவிட்டாள். "இவங்களயாவது பனிக்காத்துல விடாத. நான் சொல்லிட்டேன்."

"ஐயோ, புழுங்குதுங்க" என்றார் அமிந்தா. ஆனால் கழற்றவில்லை.