மஞ்சளில் நின்ற கை

வெங்காயக் கிடங்கில் பெரிசு, நடுத்தரம், பொடி என்று நாளெல்லாம் தரம் பிரிக்கிறவளுக்குச் சுகாதார நிலையத்து நாடா புரியாத விஷயமில்லை. கையின் பருமனை அளக்க அதைப் பிள்ளையின் மேற்கையில் சுற்றி, எந்த நிறத்தில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். சிவப்பென்றால் ஆபத்து. மஞ்சளென்றால் தினம் ஒரு சத்துப் பசைப் பொட்டலம். பச்சையென்றால் பிள்ளை தேறிவிட்டான் என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பாராட்டைப் போட்டு உலையா வைக்க முடியும்?

மூன்று வயது மகனுக்கு வீட்டில் பெயர் பூசணி. எலும்பும் தோலுமாகக் கிடந்தவனுக்கு அப்படியொரு பெயர் வைக்க அவன் அப்பனுக்குத்தான் மனசு வரும். ஐந்து மாதமாகப் பூசணி மஞ்சளில் நின்றான். பொட்டலத்தை அவள் தினமும் சரிபாதியாக்கி, ஒரு பாதியை ஏழு வயது மகளுக்கென்று வைத்துவிட்டு வேலைக்கு ஓடுவாள். ஐந்து வயதுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்பது சட்டம். பெற்ற வயிறு சட்டமா படித்தது?

இந்த மாதம் பூசணியின் கை கொஞ்சம் பூசினாற்போல் தெரிந்தது. பச்சை வந்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் பொட்டலம் நின்றுவிடும். அளப்பதற்கு முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவனுக்கு வெறும் வெந்நீர்தான் கொடுத்தாள். அவன் அழுதான். அவளும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். பிள்ளை தேறுகிறதே என்று பயப்படும் பாவி தான் ஒருத்திதான் என்று நினைத்தாள். அது பொய். மறுநாள் வரிசையிலேயே இன்னும் நாலு பேர் இருந்தார்கள்.

ஒருநாள் பட்டினியில் கை மெலியாது என்பது அவளுக்குத் தெரியவில்லை. நாடா பச்சையில் போய் நின்றது. இன்னொரு தரம் இறுக்கிப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினாள். பச்சைதான். வீட்டில் அப்படி என்ன கொடுக்கிறாய் என்று நர்ஸம்மா சந்தோஷமாகக் கேட்டாள். அவளுக்கே விளங்கவில்லை. பாதிப் பொட்டலத்தில் யாராவது தேறுவார்களா?

பதில் கூட வந்திருந்த மகளிடமிருந்து வந்தது. "அம்மா வேலைக்குப் போனதும் இவன் அழுவான். என் பங்கையும் இவனுக்கே ஊட்டிடுவேன்."

மகளை அடிப்பதா, அணைப்பதா என்று தெரியாமல் அவள் நின்றாள். அதற்குள் அந்தப் பெண் மேசையிலிருந்த நாடாவை எடுத்துத் தன் கையில் சுற்றிக்கொண்டது. ஐந்து மாதம் பார்த்த பழக்கம்.

"அம்மா, எனக்கு மஞ்சள் வந்திருக்கு. பொட்டலம் நிக்காதும்மா."

நர்ஸம்மாவின் சிரிப்பு போய்விட்டது. நாடாவைத் தானே வாங்கி அளந்தாள். சின்னப் பிள்ளைகளின் நாடாவில் ஏழு வயசுக் கை மஞ்சளைத் தாண்டவில்லை. பேனாவைத் திறந்து பதிவேட்டைப் புரட்டினாள். வயதுக் கட்டங்கள் ஐந்தோடு முடிந்திருந்தன.

நீட்டிய கையை மடக்காமலே மகள் கேட்டாள்: "நான் சரியாத்தானே சுத்தினேன்?"

"சரியாத்தான் சுத்தியிருக்க, கண்ணு" என்றாள் நர்ஸம்மா. பேனாவை மூடி வைத்தாள்.