ஒரு சொட்டுக் கருப்பு மை

நோயாளி செருப்பைக் கழற்றும்போதே நோயைச் சொல்லிவிடுவார் கடம்பத்தூர் டாக்டர் வீரராகவன். ஊர் அப்படிச் சொல்லிற்று. சொல்லும்படி அவரும் பார்த்துக்கொண்டார்.

1971 தை மாதம், தேசப்பன் என்ற விவசாயி ஓயாத தலைவலியோடு வந்தார். கழுத்து விறைத்திருந்தது. டாக்டர் முதுகுத்தண்டில் நீர் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உருண்டை உருண்டையாகத் தெரிந்ததையெல்லாம் வெள்ளணு என்று எண்ணி, மூளைக் காசநோய் என்று முடிவுகட்டி ஊசியை ஆரம்பித்தார். எண்ணும்போது சீட்டிகூட அடித்தாராம். பிற்பாடு அவரே தலையில் அடித்துக்கொண்டு சொன்னது.

மூன்று வாரமாகியும் தேறவில்லை.

"என்னையே யாருன்னு கேக்குறாரு டாக்டரே. இது வேற இன்னாவோ. இன்னொரு தபா பாருங்க," என்றாள் மனைவி செங்கம்மாள்.

டாக்டருக்குச் சுருக்கென்றது. அந்த ரோஷத்திலேயே நாலு நாள் போயிற்று.

ஐந்தாம் நாள் பழைய புத்தகத்தைப் புரட்டினார். மூளையில் அபூர்வமாகப் பூஞ்சைக் காளான் பிடிக்கும், கருப்பு மை கலந்தால் தெரியும் என்ற வரியில் மாணவனாக இருந்தபோது அவரே அடிக்கோடு போட்டிருந்தார்! வாரம் ஒருமுறை வைத்தியம் பார்க்கப் போகும் கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையில், வரைபடம் போடுகிறவரிடம் மை வாங்கி வந்தார். மறுபடி நீர் எடுத்து ஒரு சொட்டு கலந்தார். கருப்புக்கு நடுவே ஒவ்வொரு உருண்டையைச் சுற்றியும் வெள்ளை வளையம். வெள்ளணுவுக்கு ஏது வளையம்?

"எம்.பி.பி.எஸ்.ஸாம்! போர்டு வேற பெருசா!" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அன்றே வாடகைக் காரில் மெட்ராஸ். பெரிய ஆஸ்பத்திரியில், வெளிச்சம் படாமல் புட்டிக்குக் கருப்புத் தாள் சுற்றி மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். ஏறும்போதெல்லாம் கட்டிலே ஆடும்படி தேசப்பன் நடுங்கினார். வீரராகவன் கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் போய்க் கம்பளி போர்த்தினார். இரண்டரை மாதத்தில் ஆள் பிழைத்தார்.

வைகாசியில் மனைவியின் தோளைப் பிடித்தபடி கிளினிக்குக்கு வந்தார். நல்ல கூட்டம்.

"சாமி மாதிரி காப்பாத்துனீங்க டாக்டரய்யா!" என்று தேசப்பன் கை கூப்பினார், மருந்து அலமாரியைப் பார்த்து. நோய் கண் நரம்பை அழுத்திக் கெடுத்திருந்தது.

வீரராகவன் எழுந்து போய் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினார்.

"மொதல்லயே மை போட்டுப் பாத்திருந்தா உனக்குப் பார்வை போயிருக்காது தேசப்பா. தப்பு என்னுது," என்றார், எல்லோர் காதிலும் விழும்படி. சொன்னதும் நெஞ்சு லேசானது. தன்னை யோக்கியன் என்றுகூட ஒரு நொடி நினைத்துக்கொண்டார்.

தேசப்பன் தன் கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"பெரியாஸ்பத்திரியிலயே எங்கிட்ட சொல்ட்டாங்க டாக்டரே," என்றாள் செங்கம்மாள். "உங்கள நம்பிக்கினு நிம்மதியா இருக்கட்டும்னு நான்தான் அவருகிட்ட சொல்லல."