மடிப்புக்கு ஒரு கதவு

"அந்தப் பள்ளிக்கூடத்தை நான் நேர்ல போய் அளக்கணும், டாக்டர்."

லீவு கேள், நல்ல நாற்காலி கேள், இதை மட்டும் முதலாளி எவேலியோவிடம் கேட்டுவிடாதே என்று, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பக்கத்து மேசை நிதியா என்னை எச்சரித்திருந்தாள். பழைய கட்டடங்களின் காகித வரைபடங்களைக் கணினியில் திருத்தக்கூடிய கோப்புகளாக மாற்றித் தருவது எங்கள் அலுவலகத்தின் தொழில். காகிதத்தை ஸ்கேன் செய்து அதன் மேல் கோடு கோடாக வரைவோம். கட்டடம் நிற்கிறதா, விழுந்துவிட்டதா என்பதெல்லாம் எங்களுக்கு வேண்டாத வம்பு.

எவேலியோ ஊசி போடுகிற டாக்டர் அல்ல. எங்கள் ஊரான மனிசாலெஸில் டை கட்டிய யாரும் டாக்டர்தான், அவரும் மறுத்ததில்லை.

"எதுக்கு?" என்றார், காப்பியிலிருந்து தலை தூக்காமல்.

"நடுக்கூடத்துல நான் வரைஞ்சது சுவர் இல்ல. காகிதத்தோட மடிப்பு."

நகராட்சிக்காக நாங்கள் வரைந்துகொடுத்த பள்ளிக்கூடம் அது; நேற்றுதான் வந்துசேர்ந்த அதன் மற்ற தாள்களை அவர் முன் விரித்தேன். கழிவுநீர்க் குழாய்த் தாளில் அதே கோடு, அதே இடத்தில். மின்கம்பித் தாளிலும். முகப்புத் தாளில் அது அன்றைய மேயரின் கையெழுத்தையே இரண்டாக வெட்டிக்கொண்டு போனது. நாற்பது வருடம் ஒன்றாக மடித்து வைத்த கட்டு. அழுக்கேறிய மடிப்பு ஸ்கேனில் தடித்த கோடாக விழுந்திருக்கிறது. முதலில் வந்த ஒற்றைத் தாளை நம்பி நான் அதைச் சுவராக்கிவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

ஆனால் கதவு அவருடையது. கூடத்தின் மறுபாதிக்குப் பிள்ளைகள் எப்படிப் போவார்கள் என்று நகராட்சியில் யாரோ கேட்டபோது, அவர் யோசிக்கவே இல்லை, ஒரு கதவு வரையச் சொன்னார். மடிப்புக்குக் கதவு. பிறகு 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்தும் போட்டார். கோப்பைத் திறக்காமலே சரிபார்க்கும் கண் அவருக்கு. அந்தச் சுவர் தாங்கும் என்று நம்பி, கூடத்துக்கு மேலே நான்கு புது வகுப்பறைகள் கட்ட நகராட்சி கணக்குப் போட்டாயிற்று. திங்கட்கிழமை வேலை ஆரம்பம். பூமி அடிக்கடி குலுங்குகிற ஊர் இது.

"காகிதத்துல கோடு இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்ப நம்ம வேலை சரி."

"ஈ செத்து ஒட்டியிருந்தா அதையும் தூண்னு வரையலாமா, டாக்டர்?"

வெளியே தன் மேசையில் நிதியா இருமினாள். சிரிப்பை அவள் அப்படித்தான் மறைப்பாள்.

"இங்க பாருங்க யோர்லாடி," என்றார். "உங்க அப்பா காப்பிப் பழம் பறிக்கிறவர். வீட்டுல நீங்கதான் மொதப் பட்டதாரி, சந்தோஷம். ஆனா எங்க எதைப் பேசணும்னு பட்டத்தோட சேர்த்துக் குடுக்கறதில்லையேம்மா."

"எங்க அப்பா காயைப் பறிச்சுட்டா அவரே கூடையிலேர்ந்து எடுத்து வெளிய போடுவார். பழம்னு கையெழுத்துப் போட மாட்டார்."

அவர் முகம் மாறியது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"சரி, மடிப்புன்னே வச்சுக்குவோம். மடிப்புக்கு நாங்க கதவு வச்சோம்னு நகராட்சிகிட்ட போய்ச் சொல்லவா? ஊரே சிரிக்கும். அங்க சுவர் இல்லேன்னா, கட்டறவன் ஒண்ணு எழுப்பிட்டுப் போறான்."

"எது மேல எழுப்புவான்? அடியில அஸ்திவாரம் இருக்குன்னு நம்ம கோப்புதான் சொல்லுது. அங்க இருக்கறது வெறும் தரை ஓடு. அது மேல நாலு வகுப்பறையா?"

அவர் டையை நீவிக்கொண்டார்.

"இந்தப் பேச்சு இந்த அறையோட முடிஞ்சுடணும். முடியாதுன்னா பையை எடுத்துக்கலாம்."

"நாமளே அளந்து, நாமளே திருத்திக் குடுத்தா உங்க பேர் கொஞ்சமாவது மிஞ்சும்னுதான் கேட்டேன். இன்னிக்குக் காலையில எட்டு மணிக்கே எல்லாத் தாளோட நகலையும் ஒரு கடிதத்தோட நகராட்சியில குடுத்து, வாங்கிக்கிட்டதா முத்திரையும் போட வச்சுட்டேன்."

"யார் பேர்ல?"

"என் பேர்லதான். சுவரை வரைஞ்சது நான்னு எழுதியிருக்கேன். கதவை யார் வைக்கச் சொன்னாங்கன்னும் எழுதியிருக்கேன்."

அவர் நிதியாவைக் கூப்பிட்டார், வக்கீலைக் கூப்பிடச் சொன்னார், கடைசியில் கடவுளையும் கூப்பிட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகிற பேருந்துக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.