ஒற்றை பல்பு வீடு

வீட்டு மின்சாரத் தணிக்கைப் பயிற்சியில் கடைசிப் பரீட்சை இதுதான். ஒரு வீட்டுக்குப் போய், கரண்ட் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடித்து, வழி சொல்லி, அடுத்த மாதம் மீட்டரில் குறைத்துக் காட்ட வேண்டும். காட்டினால் சான்றிதழ், வேலூரில் வேலை. இல்லாவிட்டால் மெர்சிலின் கணியம்பாடியில் அப்பாவின் கோழிக்கடையில் உட்கார வேண்டியதுதான். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவாகப் பார்த்து விழுந்தது. இவளுக்கு ஜவ்வாது மலை.

கழுத்தில் அட்டை, கையில் மீட்டர். இந்தக் கோலத்தில் மலையில் யார் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் அவர் கரண்ட் ஆபீஸ்தான். பரீட்சைக்கு அவளுக்கு ஒதுக்கியிருந்த சடையன் வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் சேதி முன்னால் போய்விட்டது.

"எங்களுது இலவச லைன் மேடம். ஒரே ஒரு பல்புதான்" என்றாள் சடையனின் மனைவி வெண்ணிலா, வாசலை மறித்தபடி. குடிசைக்கு அரசு இலவசமாகக் கொடுக்கும் இணைப்பில் ஒரு பல்புக்கு மேல் போட்டால் ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் அந்தத் தெருவுக்கே உண்டு.

உள்ளே அடுப்பை ஒட்டி ஆளுயரத்துக்கு ஏதோ நின்றது. மேலே பழைய புடவை, முன்னால் சாமை மூட்டைகள்.

"அது இன்னாக்கா?"

"பெட்டி."

"பெட்டி உறுமுதே?"

"பழைய பெட்டி மேடம்."

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? வெண்ணிலா பள்ளிக்கூட வாசலில் விற்கும் பால் ஐஸ் அந்த ஃப்ரிட்ஜில்தான் உறைகிறது என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார்கள். அடுப்புச் சூட்டிலிருந்து அதைத் தள்ளி வைத்து, கதவு ரப்பரை மாற்றினால் பாதி கரண்ட் மிச்சமாகும். இவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்லத்தான் விடமாட்டேன் என்கிறார்களே!

"நான் கரண்ட் ஆபீஸ் இல்லக்கா. கரண்ட்ட மிச்சம் பண்ண வழி சொல்லத்தான் வந்தேன்."

"வர்றவங்க எல்லாம் அப்டித்தான் சொல்றாங்க."

அடுத்த முறை அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. அட்டை இல்லாமல் வந்தால் வேவு பார்க்க வந்தவள் என்று அர்த்தமாம். புடவைக்கு மேல் இப்போது ஒரு தார்ப்பாயும் ஏறியிருந்தது. காற்றுப் போக வழியில்லாமல் பெட்டி அனலாய்க் கொதித்தது. அவளும்தான்.

"அது ஃப்ரிட்ஜுதான்க்கா! எனக்குத் தெரியும்! அடுப்பாண்ட வெச்சு ஏன் கரண்ட்ட கொட்டுறீங்க?"

தெரு முழுக்க எட்டிப் பார்த்தது. வெண்ணிலாவின் முகம் செத்துப்போயிற்று. மெர்சிலினுக்கு அதையெல்லாம் கவனிக்கப் பொறுமையில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். வழியெல்லாம் அந்த வீட்டையும், மலையையும், தன் தலையெழுத்தையும் திட்டிக்கொண்டே போனாள்.

மூன்றாம் முறை, பரீட்சை நடத்தும் ஷஃபியுல்லா சாரோடு வந்தாள். தோற்பதற்கென்றே வருவதுபோல் கால் நகரவில்லை. சார் வாசலில் மீட்டரைப் பார்த்தார், போன மாதக் கணக்கைப் பார்த்தார், மறுபடியும் மீட்டரைப் பார்த்தார்.

"பாதிக்கும் கீழ வந்திருக்கு! இன்னாம்மா பண்ணே?"

மெர்சிலின் விடுவிடுவென்று உள்ளே போனாள். அடுப்புப் பக்கம் காலியாக இருந்தது. மண் தரையில் நாலு கால்களின் பள்ளம் மட்டும்.

"எங்கக்கா?"

"கலசப்பாக்கத்துக்காரர் ஒருத்தர்கிட்ட தள்ளிட்டோம். நீங்கதான் ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லிட்டீங்களே. லைன்மேன் காதுக்குப் போனா வூடே இருட்டாய்டும்."

"அப்ப ஐஸு?"

"ஐஸுக்கு எங்க போறது?"

மெர்சிலின் வெளியே வந்தாள். "சார், நான் ஒண்ணுமே பண்ணல. எனக்குப் பயந்து ஃப்ரிட்ஜ வித்துட்டாங்க."

"காரணத்த யாரும்மா கேட்டா? மீட்டர் குறைஞ்சிருக்கு. நீ பாஸ்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு சார் பஸ்ஸுக்கு நடந்தார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை அலைச்சலும். இப்போது அது காதில் விழுந்ததும் எங்காவது ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

உள்ளேயிருந்து வெண்ணிலா வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பை மெர்சிலின் இன்றைக்குத்தான் பார்த்தாள்.

"பாஸாய்ட்டீங்களா மேடம்? ரொம்ப சந்தோசம். அப்ப இனிமே எங்க வூட்டுக்கு வர மாட்டீங்கதானே?"