ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு

முப்பத்திரண்டு கிலோமீட்டர் என்று காட்டியது போன். மத்தியானம் பார்த்தபோது ஐம்பத்தெட்டு. அப்படியானால் திருமுருகன் வரும் பஸ் அறந்தாங்கி வந்துவிட்டது. புதுக்கோட்டை புதுக்குளத்தின் வடகரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த மெர்லின், போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். அது சுடுவது போலிருந்தது.

துணை தேடுகிறவர்களுக்கான இலவச ஆப். எதிராளி எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறான் என்று சொல்லும். பணம் கட்டாதவர்களுக்கு அது எதையும் முழுசாகக் காட்டாது. அவளை விரும்பியவர்கள் எல்லாம் மங்கலான வட்டங்கள். ஒருவன் நீலம், ஒருவன் காவி, ஒருவன் முகம் முழுக்க ஏதோ மரநிழல். படுக்கையில் சாய்ந்தபடி அந்த வட்டங்களுக்கு மூக்கும் மீசையும் அவளே வைத்துப் பார்ப்பாள். கண் சொக்கும்போது அவை நீரில் விழுந்த இலைகளாக மிதந்து விலகும். நாலு முகத்துக்கு ஒரு விளம்பரம் வரும்: உடம்பைக் குறைக்கும் பொடி. ஆப்புக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் மர்மம். அவள் போட்டிருந்தது முகம் மட்டும். சித்தி மகள் கல்யாணத்தில் எடுத்தது, கழுத்தோடு வெட்டியது.

கீழ ராஜ வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடையைச் சுற்றி முகம் பார்க்கும் கண்ணாடிகள், எல்லாமே முகத்தளவுதான். ஃபிரேமை மாட்டிவிட்டு, “இப்பத் தெரியுதாங்க?” என்று அவள் கேட்க, வாடிக்கையாளர்கள் அவள் கண்ணைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவள் கவுன்டரை விட்டு வெளியே வந்தால்தான் அந்தப் பார்வை இடம் மாறும். எதிர் ஜவுளிக்கடை சத்யபிரியா ஒரு தடவை சொன்னாள்: “ஒன் புரொஃபைலும் ஒங்க கடைக் கண்ணாடியும் ஒண்ணுதான்டி. கழுத்தோட சரி.”

போன வருஷம் ஆப்பில் பழகிய ஒரு காரைக்குடிக்காரன் அவளைப் பார்க்க வந்தான். ஜூஸ் கடை வாசலில் பைக்கை நிறுத்தினான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்புறமிருந்து அவளைப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அப்படியே வண்டியைத் திருப்பினான். மேசைமேல் இரண்டு சாத்துக்குடி ஜூஸ். போனை எடுத்தால், இருவரும் எழுதியது அத்தனையும் காணோம். இந்த ஆப்பில் ஒருவர் விலகினால் ஓர் எழுத்துகூட மிஞ்சாது.

திருமுருகன் கட்டுமாவடிப் பக்கம் இறால் பண்ணையில் சூப்பர்வைசர். அவன் படத்தில் குட்டைதான் பெரிசு. கரையில் வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கும் அவன் வெறும் நிழல். குட்டைக்குள் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கும் சக்கரங்களைப் பற்றி எழுதுவான். ‘கண்ண மூடுனா மழை பேயுற மாதிரியே இருக்குங்க. தெறந்தா வெயிலு.’ கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் மெர்லினும் கண்ணை மூடிக்கொள்வாள். ராஜ வீதி நனையும். மற்றவர்கள் மூன்றாவது செய்தியிலேயே முழுப் படம் கேட்டார்கள். இவன் கேட்கவே இல்லை. பயமே அதுதான்.

இன்று மத்தியானம் சத்யபிரியா அவளை ஜவுளிக்கடையின் ஆளுயரக் கண்ணாடி முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்தாள். மஞ்சள் சுடிதார். கை, இடுப்பு, தொடை, எல்லாம். “மூச்ச இழுத்துப் புடிக்காத, விடு,” என்றாள். விட்டபோது எடுத்தாள்.

இப்போது போனை நிமிர்த்தினாள் மெர்லின். குளத்து வாசல் வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்புவதைவிட அவன் அறந்தாங்கியிலேயே இறங்கிக்கொள்ளட்டும். கல்யாணப் படத்தை நீக்கினாள். மஞ்சள் சுடிதாரை ஏற்றினாள்.

முப்பத்திரண்டு அசையவில்லை. அவன் ஆப்பைத் திறந்தால்தான் எண் மாறும். எண் மாறினால் படத்தைப் பார்த்துவிட்டான் என்று அர்த்தம்.

குளத்தைச் சுற்றி ஊர் நடந்துகொண்டிருந்தது. ஷூ போட்ட ரிட்டயர்டு சார் ஒருவர் அவளருகே நின்றார். “உக்காந்துட்டா எப்படிம்மா? ரெண்டு ரவுண்டு போனாத்தான் கொறையும்.”

“நடக்க வரல சார். ஒருத்தவங்க என்னையப் பாக்க வாராங்க.”

அவர் ஒரு விநாடி அவளைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, “நல்லா வரட்டும்,” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

வெளிச்சம் தேன் நிறத்துக்கு வந்தது. நீர்க்காகம் ஒன்று முங்கியது, வேறெங்கோ எழுந்தது. மெர்லின் போனைப் பார்த்தாள்.

பதினொன்று.

பார்த்துவிட்டான். அவசரமாகச் செய்திகளுக்குள் போனாள். எல்லாம் இருந்தது. மழை, வெயில், சக்கரம், ஒன்றும் அழியவில்லை. அடியில் புதிதாக ஒரு வரி: ‘போட்டோ பாத்தேன்’. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. முற்றுப்புள்ளிகூட இல்லை.

அறந்தாங்கியை விட்டால் பஸ் நடுவில் நிற்காது. பிடிக்காவிட்டாலும் புதுக்கோட்டை வரைக்கும் அது அவனைச் சுமந்துகொண்டுதான் வரும். இறங்கி எதிர் பஸ்ஸில் ஏறிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? துப்பட்டாவை விரித்து வயிற்றின்மேல் போட்டாள். போட்டதை எடுத்தாள்.

ரிட்டயர்டு சார் இரண்டாவது சுற்றில் வந்தார். புருவத்தை மட்டும் உயர்த்தினார். இல்லை என்று தலையாட்டினாள். கரையோரத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. குளம் அவற்றை வாங்கித் தனக்குள் நட்டுக்கொண்டது.

போன் அதிர்ந்தது. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு.

அதற்குக் கீழே இந்த ஆப் சொல்லாது. பஸ் ஸ்டாண்டாக இருக்கலாம், வாசலாக இருக்கலாம், முதுகுக்குப் பின்னாலும் இருக்கலாம். திரும்பிப் பார்த்தாள், வேலி. எதிர்க்கரையைப் பார்த்தாள். நடக்கிற கூட்டத்துக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் நடக்காமல் நின்றான். கையில் போன் வெளிச்சம். முகம் தெரியவில்லை. படத்தில் இருந்தது போலவே ஒரு நிழல்.

மெர்லின் எழுந்தாள். பெஞ்சை விட்டு, மரத்தை விட்டு, விளக்குக் கம்பத்தின் அடியில் போய் நின்றாள். துப்பட்டா ஒரு தோளில் தொங்கியது. இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டாள்.

“இப்பத் தெரியுதாங்க?” என்றாள், தனக்கே கேட்காத குரலில்.

எதிர்க்கரையில் அந்த வெளிச்சம் அசைந்தது. வாசல் பக்கமா, இவள் பக்கமா, இருட்டில் பிடிபடவில்லை. நடுவில் கிடந்த தண்ணீரில் மட்டும் அது நீண்டு, நடுங்கி, அவள் காலடி வரைக்கும் வந்து கிடந்தது.