வால்வு திறந்திருந்த நாள்

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒரே கருவியையும் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு மருமகள்களின் கதை இது, கண்ணுகளா. பெரியவள் அங்கே ஒன்பது வருஷமாக இருக்கிறாள். சின்னவள் வந்து ஒன்றரை வருஷம்.

வேலை இதுதான். கண்ணாடிக் குழாயில் வாயுவை அடைத்து, கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக லேசர் ஒளியைப் பாய்ச்சினால் மூலக்கூறுகள் அதிர ஆரம்பிக்கும். ஒன்றோடொன்று மோதி மோதி அந்த ஆட்டம் அடங்கும். அடங்க எவ்வளவு நேரம் என்று பார்த்து எழுத வேண்டும். பிறகு குழாயை இன்னும் குளிரவைத்து மறுபடி அளக்க வேண்டும். குளிரக் குளிர நேரம் கூடும் என்றுதான் பெரியவள் ஒன்பது வருஷமாக எழுதிவந்தாள். அவள் பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரியோடு நிறுத்திக்கொள்பவள். சின்னவள் அதையும் தாண்டிப் போனாள். எழுபதில் நேரம் குறைய ஆரம்பித்தது.

அவள் போட்ட வரைபடத்தை ஆய்வுக்கூடத் தலைவர் எழுந்து நின்று பார்த்தார். பெரியவளுடையதை உட்கார்ந்தபடியேதான் பார்ப்பார். வீட்டில் மாமியார் வேறு, நீயும் அங்கேதானே வேலை பார்க்கிறாய் என்று கேட்டுவைத்தார். பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒருநாள் சின்னவள் குளிரவைக்கும்போது குழாய்க்குள் வாயு விடும் வால்வு திறந்தே கிடந்தது. குளிர்ந்த வாயு சுருங்கும். வால்வு திறந்திருந்தால் வெளியிலிருந்து இன்னும் வாயு உள்ளே வரும். உள்ளே கூட்டம் கூடினால் மோதலும் கூடும், ஆட்டம் சீக்கிரம் அடங்கிவிடும். இதுதான் அந்தப் பெரிய கண்டுபிடிப்பா? வியாழக்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கலாம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

கையில் ஆதாரம் வேண்டுமே. விடுமுறை நாளில் தனியாகப் போய், வால்வை இறுக்க மூடி அளந்தாள். எழுபதில் நேரம் குறைந்தது. வாயுவை மாற்றினாள். அப்போதும் குறைந்தது. வேறு குழாயில் பார்த்தாள். அதே எழுபதில், அதே குறைவு.

எண்களை எழுதிய தாளைக் கிழித்துப்போட்டால் யாருக்குத் தெரியும்? கூட்டத்தில் யாராவது வால்வைப் பற்றிக் கேட்பார்கள். சின்னவளிடம் வாய்வார்த்தை தவிர ஒன்றும் இராது. மூன்று நாள் அது கைப்பையிலேயே கிடந்தது. வியாழக்கிழமை, கூட்டத்துக்குப் போகும் படிக்கட்டில் சின்னவளை நிறுத்தி நீட்டினாள்.

"இதை எதுக்குக்கா அளந்தீங்க?"

"உன் மூக்கை உடைக்கத்தான்."

சின்னவள் முகம் சுருங்கியது. ஆனாலும் கடைசி எண்வரை படித்தாள். வால்வு திறந்திருந்த அன்றைக்கு அளந்ததை அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். பிறகு மெதுவாக, "நான் சொன்னா நம்பாதவங்க இதை நம்புவாங்க. எனக்குச் சாதகமா நீங்க அளக்க மாட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரியுமே" என்றாள்.

பெரியவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆய்வுக் கட்டுரையில் இருவர் பெயரும் வந்தது, சின்னவளுடையது முதலில். மாமியார் அதைக் கண்ணருகே கொண்டுபோய், "முதல்ல இருக்கிறது யார் பேரும்மா? கண்ணாடியை எடுத்துட்டு வா" என்றார்.

மூக்குக்கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் இருப்பது பெரியவளுக்குத் தெரியும். இருந்தாலும் வீடு முழுக்க நிதானமாகத் தேடினாள்.