உருண்டையெல்லாம் பெலார்மினோவிடம்

மணிலாவுக்கு வடக்கே உள்ள அபாலிட் ஊரில் உருண்டையான எதைத் தரையில் வைத்தாலும் அது பெலார்மினோ டிசோனை நோக்கி உருளும். மேட்டிலும் உருளும். அவருடைய இருபத்திரண்டாம் வயதில் ஒரு புதன்கிழமை காலையில் இது தொடங்கியது. அன்று மீன் விலை ஏறியிருந்ததால் ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேசையில் கோலால் பந்தடித்துக் குழியில் தள்ளும் பில்லியர்ட்ஸ் ஆட்டம்தான் அவருக்குத் தொழில், அதுதான் சிக்கல். மற்றவர்கள் அடித்த பந்து குழிக்குப் போகும். அவர் அடித்தது பாதி வழியில் யோசித்துவிட்டு அவரிடமே திரும்பும். அதனால் வேறு யாரிடமும் இல்லாத முரட்டு அடி ஒன்றைப் பழகிக்கொண்டார். எதிராளி ஆடும்போது பெலார்மினோவைத் தெருக்கோடிக்கு அனுப்பிவிடுவார்கள். வேர்க்கடலை கொறித்துக்கொண்டு நிற்பார். ஆட்டம் இல்லாத மாதங்களில் கடை வைத்தார். முட்டைக் கடை மூன்று வாரம் நடந்தது. சந்தை முட்டையெல்லாம் அவரிடம் வந்துவிட, திருப்பிக் கொடுக்கவே பொழுது சரியாக இருந்தது. பஞ்சர் கடை வைத்தால் பழுதில்லாத டயர்களும் ஜீப்னி என்ற சிற்றுந்தோடு வந்து நின்றன. பயணிகள் இறங்கித் திட்டினார்கள்.

பெர்பெத்துவா சந்தையில் பம்பளிமாஸ் விற்றவள். அவள் பழங்கள் நாளுக்கு மூன்று முறை ஓடிப்போகும். அவர் சட்டையில் அள்ளிக்கொண்டு வந்து தருவார். ஒரு மாதம் பார்த்தாள்.

"யோவ், பழத்தை மட்டும் கூப்பிடுறியே, என்னைக் கூப்பிடத் தெரியாதா?"

"நான் எதையும் கூப்பிடலைங்க, அதுங்களா வருது."

"அப்ப நானும் வரேன். நான் உருண்டையில்ல, நடந்துதான் வரணும்."

கல்யாணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் பிள்ளையில்லாமல், ஆனால் சிரிப்புக்குக் குறைவில்லாமல் கழிந்தன. அதற்குள் நான்கு இறுதி ஆட்டங்களில் தோற்றிருந்தார். முரட்டு அடியால் மணிக்கட்டு வீங்கிப்போக, இனி ஒரே ஒரு போட்டிதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மணிலாவில் அந்தப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு, எட்டு மாத வயிற்றோடு பெர்பெத்துவாவும் வந்து, மேசையின் எதிர்ப்பக்க மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். எதிராளி செபுவைச் சேர்ந்த ஒலிம்பியோ தபாதா. இருவரும் சமநிலை. மிச்சமிருந்தது ஒன்பதாம் பந்து மட்டும். அதைக் குழியில் போடுபவருக்கே கோப்பை; பெலார்மினோ அதை எதிர்மூலைக் குழியில் போடவேண்டும்.

பெலார்மினோ அடித்தார். கையில் வலுவில்லை. பந்து குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது, வழக்கம்போல அவரிடம் திரும்பத் தொடங்கியது, பிறகு மனம் மாறிப் பெர்பெத்துவாவை நோக்கி உருண்டு, வழியிலிருந்த குழியில் விழுந்தது.

"இது செல்லாது! அந்தம்மா வயித்துல இருக்கிறதும் சேர்ந்து ஆடுது!" என்றார் ஒலிம்பியோ.

"அதுக்கென்ன? பிள்ளையைத் தெருக்கோடியில நிறுத்தணுமா? நிறுத்துங்க, துணைக்கு நானும் போறேன்" என்றாள் பெர்பெத்துவா.

முதலில் சிரித்தவர் ஒலிம்பியோதான். நடுவர் விதிப்புத்தகத்தை இரண்டு முறை படித்தார். அதில் பிறந்தவர்களைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தது. கோப்பை அபாலிட்டுக்கு வந்தது.

ஜூன் மாதம் மகள் லுமினாடா பிறந்தாள். இப்போது அவளும் வளர்ந்துவிட்டாள்; தெருவின் ஒரு பக்கம் அப்பாவின் ரொட்டிக் கடை, எதிர்ப்பக்கம் மகளின் வளையல் கடை. உருண்டு வருபவை யாரிடம் போவதென்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றுவிடுகின்றன. நகராட்சி அங்கே ஒரு பெரிய மூங்கில் கூடை வைத்திருக்கிறது. உரியவர்கள் மாலை ஐந்து மணிக்குள் வந்து எடுத்துக்கொள்ளலாம்; ஞாயிறு விடுமுறை.